கூப்பிட்டான் பள்ளம்

நம்ம வேதக்கோயிலு ஓலைக் கூரையா இருந்த காலம் அது. ரோடு கிடையாது, வண்டி கிடையாது, தேரிக்காட்டுச் செம்மண்ணுல கால் புதைய நடந்துதான் இந்த ஊருக்கு வரணும். சனமெல்லாம் பனையேறுத சனம். அந்தக் காலத்துல மாசிலாமணி உபதேசியாருன்னு ஒருத்தரு இங்க இருந்தாராம்.

பாதிரி ஐயரு எப்பவாவது குதிரையில வந்து போவாராம். மத்தபடி செபம், பாட்டு, பிள்ளைகளுக்கு எழுத்து எல்லாம் உபதேசியாருதான். எந்த வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டாலும் போய் வாசல்ல நிப்பாராம். "தைரியமா இரு தாயி. கர்த்தர் கைவிட மாட்டாரு"ன்னு சொல்லுவாராம். வேற ஒண்ணும் சொல்ல மாட்டாராம். அவரு சொன்ன பொறவுதான் அந்த வீட்டுல ஒரு வாய் கஞ்சி உள்ள இறங்குமாம்.

அப்படி இருக்கையில வாந்திபேதி வந்துது. வந்த பேதி உபதேசியாரு வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சுது. பெஞ்சாதி போனா. அவளைப் புதைச்சிட்டு வாறதுக்குள்ள பிள்ளைகளும் போச்சு.

ஊரு என்ன செஞ்சுது? கதவைச் சாத்திக்கிச்சு. ஒத்த ஆளு வரலையாம். எல்லாருக்கும் உசுரு பயம். அவரே குழி வெட்டி, அவரே செபம் பண்ணி, அவரே மண்ணைத் தள்ளுனாராம். ஆமென் சொல்லக்கூட ஒரு நாக்கு இல்லையாம்.

பேதி அடங்குன பொறவு கோயில் மணி எப்பவும் போல அடிச்சுது. பாட்டும் பாடுனாரு. ஆனா ஆளு மரமாப் போயிட்டாராம். எந்த வாசல்லயும் போய் நிக்கல. "ஐயரு வரட்டும், சொல்லிட்டு நான் போயிருதேன்"ன்னாராம். போவாதீங்கன்னு சொல்ல யாருக்கும் மொகம் இல்ல.

அந்தக் கோடையில பண்ணையாரு கிணத்தை அடைச்சுட்டாரு. வேதத்துல சேந்தவங்களுக்குத் தண்ணி இல்லன்னுட்டாரு. என்ன செய்ய? கோயில் பக்கத்துலயே கிணறு தோண்டுனாவ. வேதக்கண்ணுன்னு ஒரு பையன், கல்யாணம் ஆன புதுசு, அவன்தான் உள்ள இறங்குனான். தேரி மண்ணு தெரியும்லா? சீனி மாதிரி சரியும். சரிஞ்சுது. பொலபொலன்னு வந்து நெஞ்சு வரைக்கும் மூடிட்டு.

கயிறு விட்டாவளாம். கையை எடுக்க முடியல. ஒருத்தன் இறங்கக் காலை வச்சாலே இன்னும் மண்ணு விழுதாம். மண்ணைத் தடுக்கப் பலகை வாங்கியார ஆளு ஓடுச்சு. மத்தவிய விளிம்புல நின்னு மாருல அடிச்சிக்கிட்டாவ.

அடியில இருந்து சத்தம் வருது.

"உபதேசியாரய்யா இருக்காரா? பயமா இருக்கு. ஏதாவது சொல்லச் சொல்லுங்க."

அவரும் நிக்காரு. வாயைத் திறந்து பாத்தாரு. வார்த்தை வரல. எல்லாருக்கும் சொன்ன வார்த்தை, தன் பிள்ளைக் குழியில கொண்டு போய்ப் போட்டுட்டு வந்துட்டாரு போல. அப்படியே குத்த வச்சு உக்காந்துட்டாராம்.

வேதக்கண்ணு பெஞ்சாதி பேரு ஏசுவடியாள். கருப்பட்டிக்குப் பயினி காய்ச்சிக்கிட்டு இருந்தவ அகப்பையும் கையுமா ஓடி வந்தா. குழியை எட்டிப் பாத்தா. அவரைப் பாத்தா.

"அய்யா, பேசுங்க."

"எனக்கு வரலம்மா. உள்ள ஒண்ணும் இல்ல."

"வசனம் வராட்டா போவட்டும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நான் அவிய பேரைச் சொல்லப்படாது. நீங்கதான வச்ச பேரு! கூப்பிடுங்கய்யா."

கெஞ்சலையாம் அவ. அதட்டுனாளாம்.

அவரு தரையில படுத்து, தலையை நீட்டி, "வேதக்கண்ணூ!"ன்னாரு.

"இருக்கேன் அய்யா!"

திரும்பக் கூப்பிட்டாரு. "வேதக்கண்ணூ!"

"இருக்கேன் அய்யா!"

வெயிலு உச்சிக்கு வந்துது. கூப்பிடுதாரு, கூப்பிடுதாரு, அவன் இருக்கேன் இருக்கேன்னு சொல்லுதான். நடுவுல அவன் ஒண்ணு சொன்னானாம்.

"அய்யா, அன்னைக்கு நானும் கதவைச் சாத்திட்டேன். குழி வெட்ட மம்பட்டியை எடுத்துட்டு வந்திருக்கணும். உங்களைத் தனியா விட்டுட்டேன்."

உபதேசியாரு, "தெரியும்லே. கதவுக்குப் பின்னால நீ அழுதது எனக்குக் கேட்டுச்சு"ன்னாராம்.

நெசமாவே கேட்டுச்சா? அது அவருக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்.

"தைரியமா இரு மக்கா. நான் இங்கனதான் கிடக்கேன். எந்திரிச்சுப் போவ மாட்டேன்."

அந்த வார்த்தை அவரு வாயில திரும்ப வந்தது அன்னைக்குத்தானாம்.

பலகை வந்துது. ஒண்ணை இறக்குனாவ. மறுபக்கம் மொத்தமா இடிஞ்சு விழுந்துது.

"வேதக்கண்ணூ!"

சத்தம் இல்ல.

"வேதக்கண்ணூ!"

இல்ல.

அவரு நிறுத்தலையாம். தொண்டை கட்டி, குரலு கீச்சுக் குரலாப் போயும் கூப்பிடுதாரு. தோளைப் பிடிச்சு இழுத்தாவ, உதறுதாரு. கிறுக்குப் பிடிச்சிட்டுன்னே நினைச்சாவளாம். அப்பதான் ஏசுவடியாள் பக்கத்துல வந்து மண்ணுல உக்காந்து, அவரு கூப்பிட்ட கூப்பாட்டுக்குப் பதில் சொன்னாளாம்.

"இருக்கோம் அய்யா."

அவரு திரும்பிப் பாத்தாரு.

"அவியளுக்கு இனி கேக்காது. எங்களுக்குக் கேக்கு. நாங்க இருக்கோம்."

தாலியறுத்த பொம்பளை சொல்லுதா. அதைக் கேட்டுச் சுத்தி நின்ன ஊரே, கதவைச் சாத்துன அதே ஊரு, "இருக்கோம் அய்யா"ன்னுச்சாம். பெஞ்சாதி பிள்ளை செத்தப்ப அழாத மனுசன் அப்பதான் வாய்விட்டு அழுதாராம். ஏசுவடியாளும் அவரு கூடவே அழுதாளாம்.

ஐயரு வந்தப்ப உபதேசியாரு போவல. இங்கயேதான் இருந்து கிழவனாகிச் செத்தாரு.

அதனாலதான் இன்னைக்கும் நம்ம ஊருல அடக்கம் முடிஞ்சு வந்ததும் இப்ப உள்ள உபதேசியாரு சாவு வீட்டு வாசல்ல நின்னு, உள்ள மிச்சம் இருக்குதவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுதாரு. அவிய பதில் சொல்லணும்னு இல்ல. சொல்ல முடியாட்டா நாமதான் "இருக்கோம்"னு சொல்லணும். அந்த நேரத்துல தெருவுல ஒரு கதவும் சாத்தியிருக்கப்படாது.

வேதக்கண்ணை வெளிய எடுக்க முடியலையாம். கிணறே அவனுக்குக் கல்லறையாப் போச்சு. கோயிலுக்கு வடக்க கிடக்கே கூப்பிட்டான் பள்ளம், அது அவன் கிடக்குத இடம்தான். மழை பெஞ்சா இப்பவும் அது உள்வாங்கும். வீட்டுக்கு ஒரு ஓலைப்பெட்டி மண்ணு கொண்டு போய் நிரப்புதோம். அடுத்த மழைக்குத் திரும்பவும் உள்வாங்கிரும்.