இருநூறு என்றால் எல்லாம் நலம்

இந்த அறையின் ஏர்கான் பதினாறு டிகிரியில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மாதவி. நீங்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவருகே நிற்கும் காவலர் கையைக் கையோடு தேய்க்கிறார். ரிமோட் மேசைமேல்தான் இருக்கிறது, ஆனால் யாரும் தொடவில்லை. யாரோ என்றைக்கோ வைத்துவிட்டுப் போன எண்ணுக்குக் கட்டுப்பட்டு எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்கிறோம். அமைப்பு என்பது இதுதான். எங்கள் தொழிலில் கான்ஃபிகரேஷன் என்போம். இது விளங்கிவிட்டால் என் வழக்கில் பாதி விளங்கிவிடும். மீதியை நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் குணாளன். அம்பாங்கானில் மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடியில் என் நிறுவனம். கதவில் 'தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி' என்று போட்டிருக்கிறேன். எனக்குக் கீழே வேறு அதிகாரி யாரும் கிடையாது. அதனால் தலைமை குறைந்துவிடாது.

வெப் சர்வர் என்றால் என்ன என்று கேட்டீர்கள். பழைய தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து கணக்கெழுதிய கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வெளியே வந்து நிற்பார்கள். கேட்டதை எடுத்துக் கொடுப்பார், அல்லது இல்லை என்பார். யாருக்குக் கொடுப்பது, யாரை நிறுத்துவது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதெல்லாம் துரை எழுதிக் கொடுத்தது. கிராணிதான் சர்வர். துரையின் எழுத்துத்தான் கான்ஃபிகரேஷன். இதில் ஒரு வசதி என்னவென்றால், ஜன்னலில் திட்டு வாங்குவது கிராணி. துரையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

சர்வர் எந்தப் பதில் சொன்னாலும் கூடவே ஓர் எண்ணும் சொல்லும். இருநூறு என்றால் எல்லாம் நலம். நானூற்று நான்கு என்றால் கேட்டது இங்கே இல்லை. நானூற்று இருபத்தொன்பது என்றால், அளவுக்கு மேல் வந்துவிட்டாய், போ. இந்த மூன்றும் தெரிந்தால் போதும். எனக்கு வேலை கொடுத்த டத்தோவுக்கு ஒன்றுகூடத் தெரியாது, பட்டம் வாங்கிக்கொண்டு எப்படி இருக்கிறார் பாருங்கள்.

டத்தோ இராஜமாணிக்கத்தின் நிறுவனம் மந்தின் பக்கத்தில் ஏழாங்கட்டைத் தோட்டத்தை வாங்கியது. செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு மாடி வீடுகள் கட்டப் போகிறார்கள். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மிச்சமிருந்த குடும்பங்களுக்கு ஓரமாக ஒரு வரிசைத் தரைவீடு இலவசம் என்று பேச்சு. வேண்டுகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், பதியாதவர்கள் கிளம்ப வேண்டும். அந்த இணையதளத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் அதே லயத்தில் பிறந்தவன். பத்திரிகைக்குச் சொல்ல டத்தோவுக்கு அது தோதாக இருந்தது.

என் அக்கா பஞ்சாலை இன்னும் அங்கேதான் இருந்தார். அக்கா வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் மாமாவுக்கு நுரையீரல் போய்விட்டது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டில், கட்டிலில் மாமா. அந்த வீடு வேண்டும் என்று ஏழாங்கட்டையில் அக்கா அளவுக்கு யாரும் ஏங்கியிருக்க மாட்டார்கள். என்னைப் படிக்க வைத்தது அக்காதான் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். புத்தகம் வாங்கிக் கொடுத்தது அவர், உண்மை. படித்தது நான்.

முனியாண்டி கோயில் திடலில் கூடாரம் போட்டு இணையதளத்துக்குத் திறப்பு விழா நடத்தினார்கள். குத்துவிளக்கு, நாதஸ்வரம், டத்தோவுக்கு ஆளுயர மாலை, லேப்டாப்புக்குச் சிறியதாக ஒன்று. லேப்டாப்பைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதை வெட்டுகிறேன் என்று டத்தோ சார்ஜர் ஒயரையும் சேர்த்து வெட்டப் போனார். நான் கையை நீட்டித் தடுத்தேன். கூட்டம் கைதட்டியது.

"இந்தப் பையன் யாரு தெரியுமா?" என்று டத்தோ மைக்கில் கேட்டார்.

முன்வரிசையில் அக்கா எழுந்துவிட்டார். "எங்க தம்பிதான் டத்தோ. சின்னதுலேருந்தே கெட்டிக்காரன். வீட்டுல ரேடியோ, ஃபேனு ஒன்னு விடமாட்டான், பிரிச்சிப் போட்டுருவான். இப்ப அம்பாங்கான்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றான் லா."

"பிரிச்சான், சரி. எதையாச்சும் திரும்ப மாட்டுனானா, கேளு," என்றார் பக்கத்து வீட்டு லெட்சுமி.

திடலே சிரித்தது. டத்தோவும் சிரித்தார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். நான் கோபப்படவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். ரிப்பேர் என்பது பொருத்தமில்லாத சொல், அவ்வளவுதான்.

திரும்பும்போது டத்தோ என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். "குணா, வீடு கொஞ்சம், கேக்கற ஆளு ஜாஸ்தி. தெமியாங்ல என் மச்சான் பசங்க வேற உசுர வாங்கறானுங்க. எனக்கென்ன, சிஸ்டம் என்ன சொல்லுதோ அதான் லா. நான் ஒன்னும் சொல்லல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். அவர் சொல்லாததை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

சர்வரில் ரேட் லிமிட் என்று ஓர் அமைப்பு உண்டு. ஓர் இணைப்பிலிருந்து எத்தனை பதிவுகள் அனுப்பலாம் என்பதற்கு வரம்பு. விஷமிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆயிரம் பொய்ப் பதிவுகளைக் கொட்டாமல் காப்பாற்றும். பொறுப்புள்ள எவரும் அதைப் போட்டுத்தான் வைப்பார்கள். நூறு, இருநூறு என்று போடுவது வழக்கம். நான் ஒன்று என்று போட்டேன். பாதுகாப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

பதிகிறவர் லயத்துக்காரர்தானா என்று வீட்டு எண்ணைத் தோட்டத்துப் பதிவோடு ஒத்துப் பார்க்கிற அமைப்பும் இருந்தது. அது சர்வரை மெதுவாக்கும் என்று அணைத்து வைத்தேன்.

ஏழாங்கட்டை பள்ளத்தில் இருக்கிறது, போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. எங்கே போய்ப் பதிவது என்று அக்கா கேட்டார். மந்தினில் காதர் மைதீன் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள், அங்கே லைன் நன்றாக இருக்கும் என்றேன். அது உண்மை. அந்தக் கடைக்கு வைஃபை மாட்டிக் கொடுத்ததே நான்தான். ஒரே வைஃபையில் எத்தனை போன் இருந்தாலும், சர்வரின் கண்ணுக்கு அத்தனையும் ஓர் இணைப்பு, ஓர் ஆள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான்.

எங்கள் ஆட்கள் தனித்தனியாக எங்கும் போகமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கல்யாணமோ கிளினிக்கோ, ஒரு வேன் பிடித்துச் சேர்ந்துதான் போவார்கள். பதியப் போன அன்று காலையும் அப்படியே கடை வாசலில் வந்து இறங்கினார்கள். நான் மூலை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பசியாறிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, வைஃபை ஃப்ரீதான் லா. அதுக்குன்னு நாலு பேருக்கு ஒரு கிளாஸ் தே ஓவா?" என்றார் காதர் மைதீன்.

"வீடு வரட்டும் பாய், உங்க கடையையே குடிச்சித் தீத்துடறோம்," என்றார் லெட்சுமி. பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "மொதல்ல யாரு பேரு போடறது?"

"இதென்ன கேள்வி? மொதல்ல சாமிக்கு," என்றார் அக்கா. "அவருக்குந்தான எடம் போவுது. முனியாண்டின்னு அடி."

"ஐசி அட்டை நம்பர் கேக்குது."

"கோயில் கட்டுன வருஷத்த அடி."

"என்ன வேலைன்னு கேக்குது."

"ஜாகா வேல. ராத்திரி பகலா நம்மள காவல் காக்கறாரு, வேறென்ன?"

அடித்தார்கள். போயிற்று. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு போனில் தங்கள் பெயரை நிதானமாக அடித்து அனுப்பினார்கள்.

என் திரையில் லாக் ஓடியது. லாக் என்பது யார் வந்தார்கள், உண்மையில் என்ன முடிவு செய்தேன் என்று சர்வர் தனக்கே எழுதி வைத்துக்கொள்வது. முதல் வரியில் இருநூறு, முனியாண்டிக்கு. அதன் பிறகு எல்லாமே நானூற்று இருபத்தொன்பது. அக்காவுடையதும் அதுதான்.

அவர்கள் திரையில் அந்த எண் வரவில்லை. இது நான் எழுதிய வரிகளிலேயே நேர்த்தியானது, தயவுசெய்து கவனியுங்கள். பிழை வந்தால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று சர்வருக்குச் சொல்லலாம். பிழையின் எண்ணையே மாற்றிச் சொல்லவும் சொல்லலாம். நானூற்று இருபத்தொன்பது வரும்போதெல்லாம் இருநூறு என்று சொல், தாமரைப் படம் போட்டு 'நன்றி, வணக்கம்' என்று காட்டு என்று எழுதியிருந்தேன். வயதானவர்களிடம் சிவப்பு எழுத்தில் போ என்று சொல்வது பண்பில்லை.

"போயிருச்சி லா, ஒரே தட்டு," என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. "மாமாவ தனி ரூம்ல போடலாம், ஜன்னலு வெச்ச ரூம்ல." பிறகு கடை முழுவதும் கேட்கும்படி, "பாய், என் தம்பிக்கு ஒரு தே தாரிக், கொறச்ச சீனி. அன்னிக்கு ரிப்பேர் பண்றான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். இவன் எஞ்சினியரு. பாத்தீங்கல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லெட்சுமிகூடச் சிரிக்கவில்லை. அந்தத் தே நன்றாக இருந்தது.

வீடுகள் அவரவர் வீட்டு வைஃபையிலிருந்து பதிந்தவர்களுக்குப் போயின. தெமியாங் மச்சான் பையன்களுக்கு ஆளுக்கொன்று. ஏழாங்கட்டையிலிருந்து ஒரே ஒரு பெயர். சாவி கொடுக்கும் விழாவில் அறிவிப்பாளர் மரியாதையாகக் கூப்பிட்டார்: "திரு. முனியாண்டி அவர்கள் மேடைக்கு வரவும்." இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.

"அவரு வரமாட்டாரு டத்தோ," என்று லெட்சுமி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "கோயில்லதான் இருந்தாரு. அத நீங்க போன வாரம் இடிச்சிட்டீங்க."

டத்தோ சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார், பத்திரத்துக்கு.

லயத்து ஆட்கள் தாமரைப் படத்தை டத்தோவின் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். நன்றி என்றால் நன்றி மட்டும்தான், பதிவானது என்று அதில் எங்கேயும் இல்லை என்று விளக்கினேன். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்போதும் அவர் என்மேல் சந்தேகப்படவில்லை. "மெஷினு ஏதோ தப்பு பண்ணிருச்சி, தம்பி பாத்துக்குவான்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

பதிவில்லாத வீடுகளுக்குத் தோட்டத்து லைனிலிருந்து கரண்ட் கொடுக்க முடியாது என்று நிறுவனம் ஒரு பகலில் வெட்டியது. நான் டத்தோவோடு கூட்டத்தில் இருந்தேன், அடுத்த இணையதளத்தைப் பற்றி. போன் அடித்தது, அக்கா. அடித்து நின்றது. திரும்ப அடித்தது. டைம்அவுட் என்று ஓர் அமைப்பு உண்டு, இன்ஸ்பெக்டர். எதிர்முனை குறித்த நேரத்துக்குள் பதில் தராவிட்டால் தொடர்பு தானாக அறுந்துவிடும். இல்லையென்றால் காத்திருப்பவர் முடிவில்லாமல் காத்திருக்க வேண்டி வரும். அது இரக்கத்தில் செய்த ஏற்பாடு.

ஆஸ்பத்திரி வேன் பள்ளத்தில் இறங்குவதற்குள் மாமா போய்விட்டார். ஆக்சிஜன் மெஷின் என் சர்வரில் ஓடியதல்ல.

அன்றைக்கே கடையில் மாற்றியிருக்க முடியாதா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். முடியும். ஒன்று என்பதை அழித்து நூறு என்று போட்டு, சர்வரிடம் மறுபடி படித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். அந்தத் தே ஆறுவதற்குள் முடிந்திருக்கும். எல்லோரும் இன்னொரு முறை தட்டியிருந்தால் எல்லோருக்கும் வீடு, மாமாவுக்கு ஜன்னல் வைத்த அறை. வாரத்தில் அதற்குப் பிறகும் நாட்கள் இருந்தன. தினமும் திறந்து அந்த வரியைப் பார்த்தேன். டத்தோ தடுக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன், தெரிந்துதான் விட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் நான் எழுந்து நின்று, 'இது கெட்டுக் கிடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள், சரி பண்ணித் தருகிறேன்' என்று அந்தக் கடை முழுக்கச் சொல்ல வேண்டும். அதுவும் எஞ்சினியர் என்று அக்கா சொல்லி வாய் மூடுவதற்குள்.

நான் ரிப்பேர் வேலை செய்கிறவன் இல்லை.