மேளம் கொட்டி அழைத்த சோதனை

பெருமைக்குரிய தலைவர் சவரிநாதன் அவர்களே, ஒற்றை ஜீப்பில் மூன்று தாலுகாவைச் சுற்றும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி காசிலிங்கம் அவர்களே, பங்குப் பெரியோர்களே, உப்பு சுமந்து உச்சி தேய்ந்த தாய்மார்களே, வணக்கம்!

நான் கணக்கு வாத்தியார். இன்றும் கணக்குத்தான் பேசப்போகிறேன்.

சாய ஆலை வந்து நாலு வருஷம். நம் உப்பளத்துக்குத் தண்ணீர் தரும் கழியெல்லாம் கழிவு, கழிவெல்லாம் கறுப்பு. இதோ முன்வரிசையில் இருக்கும் அன்னமேரியின் உப்பை வியாபாரி இரண்டு முறை திருப்பிவிட்டார். இந்தக் கோடையும் கெட்டால் உப்பளத்தை விட்டுவிட்டு அவள் மெட்ராசுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டும். சட்டம் இல்லையா? இருக்கிறது. அதிகாரி வரவில்லையா? நான்கு முறை வந்தார். நான்கு முறையும் தண்ணீர் பளிங்கு!

அன்னமேரிதான் கேட்டாள்: "ஏன் சார், ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் தண்ணி எப்படி தெளிஞ்சிடுது?"

சொன்னால் கோபிக்காதீர்கள். நம்மால்தான்! மனு கொடுத்துத் தேதி வாங்கினோம். வருகிறவருக்கு மரியாதை வேண்டாமா என்று மூன்று நாள் முன்பே மேளக்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தோம். ஆலைக்காரன் காது என்ன செவிடா? யாரப்பா அங்கே சிரிப்பது? அர்ச்சுனனா? மாலை கட்டியவனே நீதானே.

கல்லூரியில் கேம் தியரி என்றொரு பாடம் படித்தேன். கள்ளனும் காவலனும் ஆடும் ஆட்டத்துக்குக் கணக்கு. காவலன் வரும் நாள் தெரிந்தால், கள்ளன் அன்று மட்டும் நல்லவன். நாள் தெரியாமல், மாட்டினால் பூட்டு என்பதும் உறுதியானால், கள்ளன் தினமும் நல்லவன். மாட்டினால் ஆலையைப் பூட்டுவேன் என்று அதிகாரி ஐயா இதே மேடையில் சொல்லியிருக்கிறார்.

நமக்கு இது புதிதா? எந்தப் பாத்திக்கு முதல் தண்ணீர் என்று மாதா முன்னால் திருவுளச்சீட்டு எடுக்கிறோமே! இதோ அதே சட்டி. முப்பது சீட்டு, முப்பது தேதி. அதிகாரி ஐயா, ஒன்றை எடுங்கள்; அந்தத் தேதியில் சொல்லாமல் சோதனைக்கு வாருங்கள், வந்த அன்றே அடுத்த சீட்டை எடுங்கள்.

தயங்குகிறார். "மேலிடத்துல கேக்கணுமே" என்கிறார். கேட்டால் அந்தச் சேதியும் ஆலைக்குப் போகுமே, ஐயா! இதோ, அன்னமேரியே சட்டியை ஏந்தி வருகிறாள்.

"எடுங்க சார். எனக்கு இந்தக் கோடைதான் இருக்குது."

எடுத்துவிட்டார்! இங்கே படிக்காதீர்கள், பையில் போடுங்கள். எந்தத் தேதி என்றா கேட்கிறாய், கண்ணாயிரம்? நமக்குத் தெரிந்தால் மறுபடி மேளத்துக்குச் சொல்லிவிடுவோமப்பா.

பின்வரிசையில் ஆலை மேனேஜர் எழுந்துவிட்டார். போய்க் கழிவுக் குழாயை மூடுங்கள், மேனேஜர் சார். நாளைக்கே அதிகாரி வரலாம். நாளை வராவிட்டால் நாளன்றைக்கு வரலாம். எந்த நாளில் துணிந்து திறப்பீர்கள்?

அன்னமேரி, பாத்தியை விட்டுவிடாதே. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். ஐயா புறப்படும்போது கும்பிடு போதும், மேளம் வேண்டாம்.