சினையாடும் ரணகள்ளியும்

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் ஸ்கேன் கவர் வைத்திருந்தவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆட்ட நான்தான்க்கா கொன்னேன்."

பக்கத்திலிருந்த பெரியவள் திரும்பினாள். "சினையாட்டையா? பாம்பு கடிச்சிருச்சுன்னுல்ல உன் வூட்டுக்காரரு சொன்னாரு?"

"அவருகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். அவரு கல்லடைப்புக்குன்னுதான் வாசல்ல ரணகள்ளி வச்சேன். தெனம் ரெண்டு எலை திம்பாரு. அது பாட்டுக்குத் தடித்தடியா எலை விட்டு மண்டிருச்சு. இந்த வெயில்ல ஆட்டுக்குக் கடிக்க ஒரு பச்சை கெடையாது. மனுசனுக்கு மருந்துதானேன்னு ஒரு கட்டு ஒடிச்சுப் போட்டேன்."

"தின்னுச்சா?"

"பூவோட தின்னுச்சு. மறுநாளு கால் தள்ளாடி விழுந்துருச்சு. மாட்டு டாக்டர் வந்து பாத்துட்டு, இது ஆடு மாட்டுக்கு வெசம்மா, நெஞ்சை நிறுத்திரும்னாரு. வயித்துல ரெண்டு குட்டிக்கா."

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு இன்னும் அதைத் திங்கிறாரா?"

"வேரோட புடுங்கி, ஆட்டப் பொதைச்ச குழி மேலயே கொட்டிட்டேன். செடி பட்டுப்போச்சு, அதான் புடுங்கி அங்க போட்டேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்."

"வுட்டுது சனியன்."

"எங்க வுட்டுது? எலை மண்ணுல பட்டாலே வேர் வுடுற சாதிக்கா, கொட்டுன எலையெல்லாம் குழி மேல முளைச்சு நிக்குது. தானா துளுத்துருச்சு பாத்தியான்னு அவரு தெனம் தண்ணி ஊத்துறாரு."