பழைய பாட்டில் காட்டிய கோடு

உக்காராதீங்க சார், நின்னுக்கிட்டே கேளுங்க. கேட்லாக்க வெளிய எடுத்தீங்க, கிழிச்சுப் போட்டுடுவேன். என்னது? நீங்க குடுத்த பாட்டில ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தோமான்னா? பின்ன, ஃப்ரிட்ஜ்ல தக்காளியா வெச்சிருக்கோம்?

ஆன்டிபாடி பாட்டில வித்துட்டுப் போயிடறீங்க, இங்க என்ன நடக்குதுன்னு தெரியுமா? மூளை செல்லோட தோல்ல டோபமைன்ங்கற ரசாயனம் கொண்டுவர்ற சேதிய வாங்க ரிசப்டர்னு ஒரு புரதம் உக்காந்திருக்கு. அது தனியா ஒண்ணும் கிழிச்சிடாது. செல்லுக்குள்ள இருக்கற வேற புரதங்க வந்து அதோட வாலப் பிடிச்சாத்தான் சேதியே உள்ள போகும். ஒண்ணு பிடிச்சா கை ஒழுங்கா அசையும். இன்னொண்ணு விடாம பிடிச்சுக்கிட்டா, நடுக்கத்துக்கு மாத்திரை போட்டவங்க ஒடம்பு தானா முறுக்கும். அந்த இன்னொண்ணு எதுன்னு கண்டுபிடிச்சுட்டோம்னுதான் மூணு வருஷமா மார்தட்டிக்கிட்டிருந்தோம்.

எப்படியா? ஒரே ஒரு புரதத்தத் தேடிப் பிடிக்கறதுதானே ஆன்டிபாடி, உங்களோடது அந்த ரிசப்டர மட்டும் கவ்வி இழுக்கணும். கூட ஒட்டிக்கிட்டு எவன் வர்றானோ, அவன்தான் கூட்டாளி. பழைய பாட்டில்ல ரெண்டும் ஜோடியா வந்துச்சு. இழுத்து வந்த ஒவ்வொரு புரதமும் பிலிம்ல ஒரு கோடா விழும், கூட்டாளி கோடு கன்னங்கரேல்னு விழுந்துச்சு. புது பாட்டில்ல ரிசப்டர் வருது, கூட்டாளியக் காணோம். எங்க லேப் தலைவர் குதிக்கறாரு, அந்தக் கம்பெனி ரெப்பக் கூப்ட்டு நாலு கேள்வி கேளுன்னு. கேக்கறேன்ல!

மன்னிப்பு யாரு கேட்டா இப்ப? முழுசா கேளுங்க. ரிசப்டரே இல்லாத செல்ல எடுத்து, பழைய பாட்டில்ல மிச்சமிருந்த சொட்ட விட்டு இழுத்துப் பாத்தேன். இன்னிக்குக் காலைல பிலிம் வந்துச்சு. மாப்பிள்ளையே இல்ல, மாப்பிள்ளைத் தோழன் மட்டும் ஜம்முனு வந்து நிக்கறான்! அதே கோடு! பழைய பாட்டில் நேரா அவனையே கவ்வியிருக்கு சார். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டதுக்கு எங்ககிட்ட சாட்சியே இல்ல. மொத வாரமே பண்ணியிருக்க வேண்டிய சோதனை. கோடு அழகா இருந்துச்சு, எல்லாரும் மயங்கிட்டோம்.

ஆமா, உங்க புது பாட்டில்தான் சரி. அது உண்மையச் சொல்லுது. அப்புறம் ஏன் உங்களப் போட்டு இந்தக் கத்து கத்தறேன்னா... அய்யோ, சிரிக்காதீங்க! சிரிச்சீங்கன்னா காரியமே கெட்டுச்சு. திரும்பியும் பாக்காதீங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வராந்தா பெஞ்சுல தோள் முறுக்கிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காருல்ல, அது எங்க அண்ணன். லாரி ஓட்டுனவரு, இப்ப நடுக்கத்துக்குப் போட்ட மாத்திரையால ஒடம்பு முறுக்குது. தங்கச்சி கண்டுபிடிச்சுட்டா, மருந்து வந்துடும்னு மூளை ஆபரேஷனே வேணாம்னுட்டாரு. தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. டாக்டர் இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுங்கறாரு.

நான் தோத்துட்டேன்னு சொன்னா, தன் ஒடம்ப மறந்துட்டு எனக்காக உக்காந்து அழுவாரு சார். என்னால அதப் பாக்க முடியாது. அதான், கம்பெனிக்காரன் மட்டமான பாட்டில் குடுத்து வேலையக் கெடுத்துட்டான், இனி வருஷக்கணக்கா ஆகும், நீங்க ஆபரேஷன் பண்ணிக்குங்கன்னு சொல்லிட்டேன். சரிம்மா, கையெழுத்துப் போடறேன், ஆனா நீ அவனக் கேக்கறத நான் பாக்கணும்னு வந்து உக்காந்திருக்காரு.

இங்க பேசறது அங்க கேக்காது. தலைய மட்டும் குனிஞ்சுக்கங்க சார். இன்னும் கொஞ்சம்.