ரயிலுக்கு நங்கூரம்

எங்கள் தீவில், பத்துபஸ்தி நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவர் கையில் மகளின் கேஜி வகுப்பு நோட்டீஸ் இருந்தது.

"இந்த வாரம் பூரா வண்டிங்க பாடம்தான் அக்கா. வெள்ளிக்கிழம புள்ளைங்க வரைஞ்சத செவுத்துல ஒட்டுறாங்க, நாம போய்ப் பாக்கணும். எம் பொண்ணு ரயிலுக்கு நங்கூரம் போட்டு வச்சிருக்கா."

நான் மொபைலை மடியில் வைத்துவிட்டேன்.

மூத்தவர் சிரித்தார். "இந்தத் தீவுல அவ ரயில எங்க பாத்தா, பாவம். டீச்சர் என்ன சொன்னாங்க?"

"அழிச்சிட்டு வரச் சொன்னாங்க. இவ மாட்டேங்குறா. நங்கூரம் இல்லன்னா ரயில் எப்படி நிக்கும், அப்பா எப்படி எறங்குவாருன்னு கேக்குறா."

"அச்சா, அப்பாவையும் வரைஞ்சிருக்காளா?"

"ஜன்னல்ல உக்காந்திருக்காரு. மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போய் எட்டு மாசம் ஆச்சு. இந்தக் கப்பல்ல வரேன், அடுத்த கப்பல்ல வரேன்னு போன்ல சொல்லிட்டே இருக்காரு."

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப அழிச்சிட்டியா?"

"இல்லக்கா. சங்கிலி சின்னதா இருந்துச்சு. இன்னும் நீளமாப் போடச் சொன்னேன்."