கழிப்பறையிலிருந்து நடந்தே வெளிவந்தது தொடர்பாக

என் பெயர் உஷாராணி த/பெ பரமேஸ்வரன். வயது 41. கிள்ளானில் வசிக்கிறேன். இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். மாற்றுத்திறனாளியாக நடித்துப் பொதுமக்களை ஏமாற்றினேன் என்று என் மீது கொடுக்கப்பட்ட புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அச்சம்பவத்தின் காணொளி பரவியதிலிருந்து பள்ளி என்னை விடுப்பில் வைத்துள்ளது.

நோயின் காரணமாக என் பெருங்குடல் அகற்றப்பட்டுவிட்டது. வயிற்றில் ஒட்டியுள்ள பையில் மலம் சேரும். உடைக்கு மேல் அது தெரியாது.

கடந்த சனிக்கிழமை, புகாரில் கண்ட பேரங்காடிக்கு மின்விசிறி வாங்கச் சென்றிருந்தபோது பையின் ஓரம் ஒட்டு விட்டுக் கசிந்து, ஈரம் சட்டையைத் தொட்டது. சாதாரணக் கழிப்பறையில் கைகழுவும் தொட்டி ஊரார் பார்க்க வெளியே இருப்பதால், தொட்டி உள்ளேயே இருக்கும் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்குச் சென்றேன். அது பூட்டியிருந்தது. சாவி காவலாளி பாலனிடம் இருந்தது.

"அக்கா நல்லாத்தானே நடந்து வர்றீங்க? இது ஓகேயூ டாய்லெட் லா, நடக்க முடியாதவங்களுக்கு" என்றார். என் நிலையைச் சொன்னேன். அதன் பிறகு அவர் வாக்கிடாக்கியில் மேலாளர் விமலனை அழைத்து, "பாஸ், வயித்துல பையாம்" என்றார். "பையெல்லாம் எனக்குத் தெரியாது. வீல்சேர்ல வந்தா தொறந்து விடு" என்று பதில் வந்தது.

அதன் பிறகு பாலன் அப்பேரங்காடியின் ஒரே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, "உக்காருங்கக்கா, உள்ள போற வரைக்கும்தான்" என்றார். கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நின்றவளுக்குத் திறக்காத கதவு உட்கார்ந்தவளுக்குத் திறந்தது. அந்நேரம் அங்கு வந்த புகார்தாரர் புஷ்பவல்லி, முன்பின் அறியாத என் தலையைத் தடவி, "பாவம்மா நீ. முருகன் கைவிடமாட்டான், சீக்கிரம் எழுந்து நடப்பே பாரு" என்றார்.

அதன் பிறகு உள்ளே பையை மாற்றி, சட்டையை அலசி, நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தள்ளிக்கொண்டு நடந்து வெளியே வந்தேன். தம் வேண்டுதல் அவ்வளவு விரைவில் பலித்ததில் புஷ்பவல்லி மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. "பாருங்க மக்களே, நல்லா நடக்குறா! என்னா டிராமா!" என்று கைப்பேசியில் படம் எடுத்தார். கூட்டம் கூடியது. இறங்கி வந்த விமலன், தமக்கு எதுவும் தெரியாது என்றும் இத்தகைய மோசடியைத் தம் நிர்வாகம் பொறுக்காது என்றும் அறிவித்தார். நான் பாலனைப் பார்த்தேன். அவர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் உட்கார்ந்தபடியே வெளியே வரவில்லை என்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு, எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னேன். என்னால் நடக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை எவரிடமும் நான் மறைத்ததில்லை. பையைக் காட்டட்டுமா என்று கேட்டேன். அதிகாரி வேண்டாம் என்று கூறி, தலைக்கு மேலிருந்த மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

அச்சக்கர நாற்காலி சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டு இக்காவல் நிலையத்தில் உள்ளது. அது திரும்பி வரும்வரை அக்கழிப்பறையை எவருக்கும் திறக்க இயலாது என்று விமலன் கூறியுள்ளதாக அதிகாரி தெரிவித்தார்.

இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அனைத்தும் உண்மை. வாசிக்கக் கேட்டபின், நின்றபடியே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) உஷாராணி