கிணற்றில் இறக்கிய பாலாமை

பெயர் எஸ்தர் நேசமலர், வயது 22, பதுளை கல்லோடைத் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் சாமுவேலின் மனைவி. எழுதப் படிக்கத் தெரிந்தவளாகையால், போலீஸ் சார்ஜன் ஐயா முன்னிலையில் நானே என் கையால் எழுதுவது:

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, தோட்டத்தில் மழைநீர் வடியக் கான் வெட்டும் மாடசாமி ஈரச் சாக்கு ஒன்றை எங்கள் கிணற்றுக்குள் கயிற்றில் இறக்கி, வெறும் சாக்கை மேலே இழுத்ததைக் கண்டேன். என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்கம்மா, சும்மா தண்ணி பாத்தேன்" என்றார். அப்போது என் எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. விஷம் போட்டுவிட்டார் என்று நான் கூச்சலிட்டேன். அதன் பிறகு அவரைப் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள்.

வியாழக்கிழமை காலை அவர் மனைவி பெரியாயி ஒரு பிடி சோற்றுடன் வந்தாள். வாசலுக்குள் வராதே என்றேன். அவள் நேரே கிணற்றடிக்குப் போய்ச் சோற்றைத் தூவினாள். சிறிது நேரத்தில் பன்றிக்குட்டியின் மூக்குப்போல ஒரு மூக்கு மேலே வந்தது, அதன் பிறகு நீண்ட கழுத்து, அதன் பிறகு பச்சை ஓடு. புரண்டபோது அடிவயிறு பால் நிறமாக இருந்தது.

"பாலாமைங்கம்மா. தண்ணியில புழு நெளியுது, புள்ளைக்கு எப்பிடிக் குடுப்பேன்னு நீங்கதானே அழுதீங்க? கீழ்நாட்டுக் குளம் வத்தி, சேத்துக்குள்ள தூங்கிக்கிட்டிருந்ததத் தோண்டி, சாக்க நனைச்சு நனைச்சு ரெண்டு நாளு நடந்து கொண்டாந்தாரு. புழுவெல்லாம் தின்னுரும்."

"அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"கிணத்துல உசிரு எதையும் விடக்கூடாதுன்னு தொரை உத்தரவு. சொன்னா வேலைய விட்டு வெரட்டிருவாங்க. இப்ப வேல பத்திரமா இருக்கு, ஆளுதான் ஜெயில்ல."

முதல் புகாரில், சாக்கு இறக்கிய பிறகே குழந்தைக்கு நோய் கண்டது என்று சொன்னேன். அது பொய். ஞாயிற்றுக்கிழமையே கண்டது. பால் போத்தலின் ரப்பர்க் குழாயை நான் சரியாகக் கழுவவில்லை என்று டாக்டர் ஐயா சொன்னதை மறைத்தேன். அந்தப் பழி என்மேல் விழாதிருக்க இன்னொருவர் மேல் போட்டேன். இப்போது குழந்தை சுகம். அதே கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்.

மாடசாமியை விட்டுவிட வேண்டும். பொய்ப் புகாருக்குரிய தண்டனை எனக்குரியது. அவரை வேலையை விட்டு நீக்க வேண்டாமென்று துரையிடம் என் கணவர் பேசியிருக்கிறார். சாட்சிப் பொருளாக ஆமையைப் பிடித்துவரச் சொல்கிறீர்கள். அது தண்ணீரை விட்டு வர வேண்டாம். பார்க்க வருகிறவர் ஒரு பிடி சோறு கொண்டுவந்தால் போதும், தானே மேலே வரும்.

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். இம்முறை நாளும் நேரமும் உட்பட எல்லாம் உண்மை.

(ஒப்பம்) எஸ்தர் நேசமலர்
பதுளை, 18.8.1923